வெள்ளச்சியின் மடியில் ஒரு கட்டி

என் ராசாவுக்கு,

நேற்று நீ ஒரு சொல் சொன்னாய், நான் உன் வாயைப் பொத்தினேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பாசாரில் கீரை விற்கும் சீனத்தி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். இடுப்பில் இருந்த நீ என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து, "சூசு" என்றாய். அதுவரை சிரித்திருக்கிறாய், கத்தியிருக்கிறாய். இன்னது வேண்டும் என்று அறிந்து ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் பிடித்திருப்பாய். மலாயில் பாலுக்கும் அதுதான் பேர், பால் வரும் இடத்துக்கும் அதுதான் பேர். சீனத்தி சிரித்தாள். கறிவேப்பிலை வாங்க வந்த இரண்டு தமிழ்ப் பெண்களும் சிரித்தார்கள். என் கை தானாகப் போய் உன் வாயில் விழுந்தது. நீ அழவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் அந்தப் பார்வை என்னை விடவில்லை. இன்று மதியம் நீ தூளியில் தூங்குகிறாய். உன் அப்பா டிராமில் சீட்டுக் கிழிக்கப் போயிருக்கிறார். எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இப்போது பத்தொன்பது வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு பாதியோடு நின்றவள். நீ இதைப் படிக்கும் காலத்தில் மீசை வைத்திருப்பாய், உனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும், இதை எழுதியவளைவிட உனக்கு வயது கூடியிருக்கும். அப்போது உன்னை உட்காரவைத்து நேரில் சொல்லலாமே என்பாய். எனக்கு என்னைத் தெரியும். அப்போதும் எனக்கு வாய் வராது. இது மகளுக்கு எழுத வேண்டியது, மகனுக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்துப் பார்த்தால் இந்தக் கதையில் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் போனவர் ஓர் ஆண்பிள்ளை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

என் அப்பா பால்காரர் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, ஐந்து மாடுகள். எங்கள் வீட்டில் விடிந்தால் பொழுது போனால் மடிப் பேச்சுதான். எந்த மாட்டுக்கு மடி கனத்திருக்கிறது, எதற்கு ஒரு காம்பு அடைத்திருக்கிறது, எதற்குச் சூடு கண்டிருக்கிறது என்று அப்பா சோறு சாப்பிடும்போதும் பேசுவார். மாட்டைத் தொடாமலே, அது நடந்து வருகிற நடையைப் பார்த்தே மடியில் நோவு என்று சொல்லிவிடுவார். கட்டி கண்டால் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசுவார். இரண்டும் சேர்ந்தால் குங்குமம் போலச் சிவக்கும். அந்தக் கறை அவருடைய விரல் நகங்களில் எப்போதும் இருக்கும்.

கறப்பது அம்மாவும் அப்பாவும். கொண்டுபோய் ஊற்றுவதும் அம்மாதான். எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மாவுக்கு இடது கை வலிக்க ஆரம்பித்தது. கேட்டால் வாயு என்றாள். நெஞ்சில் பிடித்துக் கைக்கு இறங்குகிறது என்றாள். கொஞ்ச நாளில் அந்தக் கையால் கறக்கவும் முடியவில்லை, வாளி தூக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நான் வாளியைத் தூக்கினேன். அம்மா கொட்டகைப் பக்கம் வருவதையே விட்டு அடுப்படியோடு இருந்துகொண்டாள். வாயு என்று சொன்ன பிறகு அப்பாவும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஓமம் வாங்கி வந்து கொடுத்தார்.

பால் ஊற்றப் போகிறவர்கள் வாசலில் நின்று "சூசு" என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அது முடியவே முடியாது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரிந்த நாளிலிருந்து தெருவில் நின்று அதைக் கத்துவதை நினைத்தாலே வாளியோடு வீட்டுக்குத் திரும்பிவிடத் தோன்றும். என்னைக் காப்பாற்றியது வெள்ளச்சி. எனக்கு ஏழு வயதில் குட்டியாக வந்த நாய். காது மட்டும் பழுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. கழுத்தில் முனிசிபாலிட்டித் தகடு. ஒவ்வொரு வாசலிலும் அது எனக்கு முன்னால் போய் இரண்டு குரை குரைக்கும். வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வருவார்கள். நான் தலை குனிந்து ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். "நாய்தான் பால்காரி, இந்தப் புள்ள அதுக்கு வாளி தூக்குது" என்று மாமாக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர் கேலி செய்வார். உண்மைதானே என்று எனக்குக் கோபம் வராது.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் வெள்ளச்சியைப் படுக்கவைத்து வயிற்றில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் கடைசிக் காம்புக்கு அருகில் விரலில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அப்பாவிடம் சொன்னேன். குட்டி போட்ட நாய்க்கு அப்படித்தான் பால் கட்டிக்கொள்ளும் என்று சொல்லி அதற்கும் மஞ்சள் சுண்ணாம்பு பூசச் சொன்னார். வெள்ளச்சி குட்டி போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பூசினேன். அது நக்கி எடுத்தது. இரண்டு மாதத்தில் பட்டாணி கொட்டைப்பாக்கு ஆயிற்று.

நான் பால் ஊற்றும் வீடுகளில் ஒன்று மாட்டு டாக்டர் துரையின் வீடு. அரசாங்கத்து ஆள். நீளமான வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது, மலாய் பேசுவார். பின்கட்டுப் படியில் அவரே வந்து பால் வாங்கிக்கொள்வார். இவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நாய், அதனுடைய சூசு, அதில் வீக்கம் என்று சொல்ல வேண்டும். அவர் முன்னால் நின்றதும் பாதி வார்த்தை விழுங்கிப்போயிற்று. "சூசு சாக்கிட், துவான்" என்று மட்டும் வந்தது. சாக்கிட் என்றால் நோய், துவான் என்றால் துரை. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பாத்திரத்தில் இருந்த பாலைப் பார்த்தார். முகர்ந்தார். எந்த மாடு என்று கேட்டார். இல்லை, மாடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வாளியோடு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் துரை கொட்டகைக்கே வந்துவிட்டார். ஐந்து மாட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மடியைத் தடவி, காம்பை அமுக்கி, ஒரு கறுப்புத் துணியின் மேல் பாலைப் பீய்ச்சித் திரிந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்பா வேர்த்து நின்றார். நான் வெள்ளச்சி கடித்துவிடப் போகிறதே என்று அதை வீட்டுக்கு முன்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நினைத்துப் பார். எந்த நாய்க்காக டாக்டரிடம் வாயைத் திறந்தேனோ அதையே அவர் கண்ணில் படாமல் நானே கட்டி வைத்தேன். மாடுகளில் ஒரு குறையும் இல்லை. துரை அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஊரெல்லாம் வாயில்லாத புள்ளங்குது. தொறந்தா இப்படித்தான் தொறப்பியா?" என்று கேட்டார். நான் சொல்ல வந்தது வேறு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து துரை வீட்டுக்கு அப்பாவே பால் கொண்டுபோனார்.

இப்படி மூன்று மாதம் போயிற்று. கட்டி எலுமிச்சம்பழம் அளவாகி, மேல்தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டது. வெள்ளச்சி பின்காலை அகட்டி நடந்தது. ஒரு நாள் நாலாவது வாசலில் அது குரைக்காமல் உட்கார்ந்துவிட்டது. என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு அன்று பால் போகவில்லை. வாளியை மாமாக் கடையில் வைத்துவிட்டு வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு நேரே துரை வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். அவர் வந்தார். வெள்ளச்சியைப் படியில் இறக்கி, வயிற்றைச் சொறிந்தேன். அது மல்லாந்து நாலு காலையும் விரித்தது. நான் விரலால் காட்டினேன்.

துரை குனிந்து பார்த்தார். "சூசு ஈனி?" என்றார். அன்றைக்குச் சொன்ன சூசு இதுதானா என்று அர்த்தம். சிரித்தார். கட்டியில் கை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பார்த்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும், ராசா. எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். முதலில் கேள்விதான். வயது என்ன, எத்தனை ஈற்று, எப்போது முதலில் பார்த்தாய், சீக்கிரம் வளர்ந்ததா, சாப்பிடுகிறதா, இருமுகிறதா. பிறகு கட்டியை விட்டுவிட்டு நெஞ்சிலிருந்து தொடங்கினார். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து, பத்துக் காம்பையும் ஒன்று விடாமல் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். கட்டிக்கு மேலே, அடுத்த காம்பில், நான் காணாத இன்னொரு சின்ன உருண்டையை எடுத்துக் காட்டினார். முன்னங்கால் அக்குளிலும் பின்னந்தொடை இடுக்கிலும் விரலை விட்டுத் தேடினார். நோய் அங்கேதான் முதலில் போய் ஒளிந்துகொள்ளுமாம். குழாயை வைத்து மூச்சைக் கேட்டார். அங்கிருந்து நெஞ்சுக்குள் போய்விட்டால் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லையாம். கடைசியில் என் விரலைப் பிடித்துப் பெரிய கட்டியின் மேல் வைத்து, தள்ளு என்றார். தள்ளினேன். தோலுக்கு அடியில் அது வழுக்கி நகர்ந்தது. "ஜாலான்" என்றார். நடக்கிறது என்று அர்த்தம். நடந்தால் பாகுஸ், நல்லது. சதையோடு ஒட்டிக்கொண்டு நடக்காவிட்டால் நல்லதில்லை. முதலிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். வந்தேன் என்றேன். நீ என்னிடம் பால் என்று சொன்னாய் என்றார். திட்டவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நான் எதிர்பார்த்ததுபோல அவர் கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். துரை ஊசி போட்டு, துணிக் கூம்பில் குளோரோபாரம் விட்டு மூக்கில் வைத்தார். நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காம்பையும் சேர்த்து, கட்டிக்குச் சுற்றிலும் நல்ல சதையும் கொஞ்சம் போகும்படி அறுத்து எடுத்தார். விளிம்பில் ஒரு பொட்டு விட்டுவிட்டாலும் மறுபடி முளைக்குமாம். எடுத்ததை இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக, நறநறவென்று இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கா மஞ்சள் பூசச் சொன்னேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தையலை நாய் நக்கக் கூடாது, ஒரு சட்டை தைத்துப் போடு என்று துரை சொல்லியனுப்பினார். அம்மாவிடம் பழைய ரவிக்கை கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூக்கிப் போட்டாள். கால் விடுவதற்கு ஓட்டை வெட்டினேன். உள்தையல் புண்ணில் உரசுமே என்று ரவிக்கையை உள்வெளியாகத் திருப்பினேன். இடது மார்புப் பக்கத்தில், உள்ளே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்புக் கறை. துவைத்துத் துவைத்தும் போகாத கறை. அப்பாவின் நகத்தில் இருக்கும் அதே சிவப்பு. மாட்டுக்குப் பூசிய கையைத் துடைத்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். அம்மா கொட்டகைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கையைத் துடைத்தால் வெளிப்பக்கம் அல்லவா படும்.

ரவிக்கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சும்மா கிடடி என்றாள். வாயு என்றாள். நான் போகாமல் நின்றேன். "நாயைப் பாத்த வெள்ளக்காரன்கிட்ட என்னையும் மல்லாத்திக் காட்டப் போறியா?" என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நடக்குதான்னு மட்டும் பாக்குறேன்மா" என்றேன்.

"என்னடி நடக்குது?"

சொன்னேன். வெள்ளச்சியைப் பற்றிச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். நாயைப் பற்றி என்றால் எனக்கு வாய் வந்தது. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். துரை என் விரலை வைத்த மாதிரியே வைத்தேன். தள்ளினேன். அது நடக்கவில்லை. கல்லில் பதித்த கல் போல இருந்தது. அக்குளில் விரல் விட்டேன். அங்கேயும் இரண்டு. இது எவ்வளவு நாளாக என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் தன்னை உயிரோடு பார்க்க மாட்டாய் என்றாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நாலு மணிக் கறவை நடந்துகொண்டிருந்தது. அப்பா குத்துக்காலிட்டு முழங்காலுக்கு நடுவில் வாளியை இடுக்கிக் கறந்துகொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல் சொல்லிச் சொல்வது? மகள் அப்பாவிடம் சொல்லக்கூடிய சொல் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு என்று சொன்னால் மறுபடி ஓமம் வாங்கி வருவார். கடைசியில் அவருடைய சொல்லையே எடுத்தேன்.

"அப்பா, அம்மாவுக்கு மடியில கட்டி."

வாளியில் விழுந்துகொண்டிருந்த பால் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அடுப்படி வாசலில் போய் நின்று, எவ்வளவு நாளாக என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள பள்ளிக்கூடம் விட்டாளே, அதுக்கு முன்னாலேருந்து."

மறுநாள் ரிக்‌ஷா வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ்க் கம்பவுண்டர் என்ன நோவு என்று கேட்டார். அம்மா வாயு என்றாள். என் அப்பா, ராசா, மாட்டுப் பேச்சைத் தவிர யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அத்தனை பேருக்கு நடுவில் மடியில் கட்டி என்றார். மாட்டைச் சொல்கிறீர்களா, மாட்டு ஆஸ்பத்திரி வேறு இடம் என்றார் அந்த ஆள். "மாட்டைச் சொல்லலீங்க, அண்ணே. என் பெஞ்சாதியச் சொல்றேன்" என்றார் அப்பா. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா மூடிக்கொள்ளவில்லை.

அறுத்து எடுத்தார்கள். புண் ஆறியது. எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை, உள்ளே ஓடிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அம்மா ஒன்றரை வருஷம் இருந்தாள். என் கல்யாணத்தைப் பார்த்தாள். உன்னைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் அப்பாதான் அவளுடைய வீங்கிய கையைத் தினமும் நீவிவிட்டார். பிற்பகலில் அம்மா வெயிலில் உட்கார்ந்திருப்பாள், வெள்ளச்சி பக்கத்தில் மல்லாந்து கிடக்கும். காம்பு இல்லாத இடத்தில் தழும்பை அம்மா விரலால் தடவுவாள். ஒரு நாள் அதனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீ காட்டிட்டே, பொழைச்சுக்கிட்டே."

துரை சொன்னபடி மாதம் ஒரு முறை வெள்ளச்சியின் பத்து இடத்தையும், இப்போது எட்டு, தடவிப் பார்க்கிறேன். ஒரு தடவை சின்னதாக ஒன்று வந்தது. பட்டாணி அளவிலேயே தூக்கிக்கொண்டு ஓடினேன், துரை கட்டியை மட்டும் எடுத்துவிட்டார். அதற்குப் பன்னிரண்டு வயதாகிறது. காது மந்தம். உன் தூளிக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. அப்படியே மாதம் ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு என்னையும் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பாவுக்கு அது தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதம், விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது.

உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள். பெண் பிள்ளைகள் பிறக்கலாம். அவர்களில் ஒருத்தி வாயு என்பாள், நெஞ்சு வலி என்பாள், கை கடுக்கிறது என்பாள். உடம்பு சரியில்லையா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு ஓமம் வாங்கப் போய்விடாதே. எங்கே என்று கேள். அவள் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தின் பேரை நீ முதலில் சொல். நீ சொல்லிவிட்டால் அவள் ஆம் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும், அவ்வளவு பேச எங்களைப் போன்றவர்களாலும் முடியும். டாக்டர் கையை வைத்துவிட்டுப் போகட்டும். என் அப்பா ஐந்து மாட்டையும் அறிந்த மனுஷன், அன்பு இல்லாதவரும் இல்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். நான் கேட்காமல் இருந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை, வெட்கம் ஒன்றுதான். துரையிடம் அன்றைக்கு நாய் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்த ரவிக்கை எனக்கு மூன்று மாதம் முன்னாலேயே கிடைத்திருக்கும். அந்த மூன்று மாதத்துக்கு முன்னால் தள்ளியிருந்தால் அம்மாவின் கட்டி நடந்திருக்குமா நடந்திருக்காதா என்று துரையிடம் கேட்டேன். தெரியாது என்றார். பொய் சொல்லாத மனிதர்.

தூளி அசைகிறது. விழித்துக்கொண்டாய். வாயைச் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல்லைச் சொல்வாய். கதவு திறந்திருக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டம். வெள்ளச்சிக்குக் காது மந்தம், அதற்கும் கேட்கும்படி நன்றாகச் சத்தமாகவே சொல், ராசா. என் கை எழுதிக்கொண்டிருக்கிறது, உன் வாய்க்கு வராது.

உன் அம்மா